யார் கையில் கொடுத்தால் என்ன?

கேள்வி: வீடு ஒன்று, அடுப்பு ஒன்று. அரசு தரும் ஆயிரம் ரூபாயை அப்பா கையில் கொடுத்தால் என்ன, அம்மா கையில் கொடுத்தால் என்ன? எப்படிக் கூட்டினாலும் ஆயிரம்தானே?
— ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கும்பகோணம்

பதில்: சார், உங்கள் கட்சியில் ஒரு நோபல் பரிசுக்காரரே இருக்கிறார். 1992-ல் பரிசு வாங்கிய கேரி பெக்கர், குடும்பத்தைப் பற்றி 1981-ல் தடிமனாக ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் நல்ல மனசுள்ள ஒரு தலைவர் இருந்தால் போதும், பணம் யார் பெயரில் வந்தாலும் அவர் எல்லாருக்கும் பார்த்துப் பங்கிட்டுவிடுவார் என்பது அவர் கணக்கு. கரும்பலகையில் அழகாகத்தான் இருந்தது.

அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைத் தெரியாமலே கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. அதுவரை பிள்ளைகளுக்கான சலுகையில் பெரும் பகுதி அப்பாவின் வருமான வரியில் கழிவாகப் போய்க்கொண்டிருந்தது. சம்பளக் கவர் கொஞ்சம் கனமாக வரும், அவ்வளவுதான். 1977-லிருந்து 1979-க்குள் அந்தக் கழிவைப் படிப்படியாக எடுத்துவிட்டு, குழந்தைப் படி என்று அம்மா கையில் கொடுத்தார்கள். பணம் பாக்கெட்டிலிருந்து பர்ஸுக்கு இடம் மாறியது.

லுண்ட்பெர்க், போலக், வேல்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் பின்னாளில் குடும்பச் செலவுக் கணக்குகளை எடுத்துவைத்துக்கொண்டு துணிச் செலவை மட்டும் பார்த்தார்கள். ஏன் துணி? சோற்றை யார் எவ்வளவு தின்றார்கள் என்று எந்தக் கணக்கிலும் இருக்காது. சட்டையும் கவுனும் அப்படியல்ல, யாருடையது என்று பார்த்தாலே தெரியும். பர்ஸுக்குப் பணம் போன பிறகு, ஆண்கள் துணியோடு ஒப்பிட்டால் பெண்கள் துணிக்கும் பிள்ளைகள் துணிக்கும் ஆன செலவு கூடியிருந்தது. கூட்டல் சரிதான் சார். வகுத்தல்தான் வேறு.


கேள்வி: இப்படிப் பெண்கள் கையில் பணம் கொடுக்கும் யோசனை யாருடையது? கலைஞரா, அம்மாவா? எங்கள் டீக்கடையில் பந்தயம் ஓடுகிறது.
— இரண்டு கட்சியையும் பார்த்தவர், ஆண்டிபட்டி

பதில்: பந்தயத்தில் இரண்டு பேருக்கும் தோல்வி. எலினார் ராத்போன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிள்ளை இல்லாதவர், பிள்ளை வளர்க்கும் தாய்க்கு அரசு பணம் தர வேண்டும் என்று 1924-ல் புத்தகம் எழுதினார். இருபது வருடம் கரடியாய்க் கத்தியபின் 1945-ல் சட்டம் வந்தது. மசோதாவைப் பிரித்துப் பார்த்தால், பணம் அப்பாவுக்கு என்று எழுதியிருந்தது! ஆயுள் முழுக்கக் கேட்ட மசோதாவையே எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று எம்.பி.யாக இருந்த அந்த அம்மாள் மிரட்டினார். திருத்தினார்கள். இரண்டாவது பிள்ளையிலிருந்து ஆளுக்கு வாரம் 5 ஷில்லிங், அம்மா பெயரில். முதல் பட்டுவாடா 1946 ஆகஸ்டில். அவர் அதே வருடம் ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.


கேள்வி: பெண்கள் கையில் பணம் வந்தால் புடவைதான் வாங்குவார்கள்.
— மொட்டைக் கடிதம், ஈரோடு முத்திரை

பதில்: வாங்கட்டும். ஈரோட்டுக்காரர் இதற்குக் கவலைப்படலாமா?


கேள்வி: முதியோர் உதவித்தொகை பாட்டியின் வெற்றிலைச் செலவுக்குத்தானே? குடும்பத்துக்கு அதனால் என்ன லாபம்?
— மருமகள், சங்கரன்கோவில்

பதில்: தென் ஆப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடியும் கட்டத்தில், வெள்ளையருக்குத் தாராளமாகக் கிடைத்துவந்த முதியோர் ஓய்வூதியத்தைக் கறுப்பினத்தவருக்கும் விரித்தார்கள். பாட்டிக்கு 60 வயதில், தாத்தாவுக்கு 65 வயதில். 1993-ல் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பை வைத்து எஸ்தர் டஃப்லோ, ஓய்வூதியம் வரும் வீட்டுப் பேரப்பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பார்த்தார். பாட்டி வாங்கிய வீடுகளில் பேத்திகள் தேறியிருந்தார்கள். தாத்தா வாங்கிய வீடுகளில் பேத்திக்கும் பேரனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் ஆகவில்லை. தாத்தாக்கள் கோபிக்க வேண்டாம், இது தென் ஆப்பிரிக்கக் கணக்கு.

ஆனால் ஒன்று. அங்கே அந்த ஓய்வூதியம், கறுப்பினக் குடும்பங்களில் ஒரு தலைக்கு வந்த வருமானத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் ஊரில் 1,200 ரூபாய். அதிலும் 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாயிலேயே பல வருடமாக நிற்கிறது. பாக்கி மாநிலத்துடையது. 200 ரூபாயில் பேத்தியின் எடை கூடாது. வெற்றிலைக்குச் சரி.


கேள்வி: எப்படிக் கொடுத்தாலும் கடைசியில் டாஸ்மாக்குக்குத்தானே போகிறது?
— கடை எண் சொல்ல விரும்பாதவர், விழுப்புரம்

பதில்: இதே கேள்வியை உலக வங்கியிலும் கேட்டிருக்கிறார்கள், கொஞ்சம் கௌரவமான வார்த்தைகளில். டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா என்ற இருவர் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் திரட்டினார்கள். ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்ததால் குடியும் புகையும் கூடியதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் கொஞ்சம் குறைந்திருந்தது.

தமிழ்நாட்டின் கதையில் கூடுதலாக ஒரு வேடிக்கை உண்டு. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பேருக்கு மேல். மாதம் 1,000 என்று பெருக்கினால் வருடத்துக்கு ஏறக்குறைய 12,800 கோடி ரூபாய். அதே நிதியாண்டில் டாஸ்மாக் அரசுக்கு ஈட்டித் தந்தது 45,000 கோடிக்கு மேல். அம்மாவுக்குக் கொடுத்ததுபோல் மூன்று பங்குக்கு மேல் அப்பாவிடம் வாங்கிக்கொள்கிறார்கள். பணம் டாஸ்மாக்குக்குப் போகிறதா என்று கேட்டீர்கள். டாஸ்மாக்கிலிருந்து வருகிறதா என்று கேட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.


கேள்வி: இலவசம் கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை.
— மிராசுதார் (பழைய), திருவையாறு

பதில்: ஆறு நாடுகளில் ஏழு திட்டங்களை அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் அலசிவிட்டு, பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்ததற்கு உருப்படியான சான்றே இல்லை என்று எழுதினார்கள். உங்களுக்கு ஆள் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், கூலியைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிப் பாருங்கள்.


கேள்வி: எனக்கு உரிமைத் தொகை வருகிறது. ஆனால் ஏ.டி.எம். கார்டு அவரிடம், ரகசிய எண் அவருக்குத்தான் தெரியும், மெசேஜ் மகன் போனுக்கு வருகிறது. இது என் பணமா?
— நூறுநாள் வேலைக்காரி, செஞ்சி

பதில்: இந்தப் பத்தியில் வந்த கேள்விகளிலேயே உருப்படியானது இதுதான் தாயே. பாஸ்புக்கில் உங்கள் போட்டோ ஒட்டியிருக்கிறது. 15-ஆம் தேதி காலையில் “கிரெடிட்” என்று பையன் போனில் டிங் அடிக்கிறது. அவன் அப்பாவிடம் சொல்கிறான், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். உங்களுக்கு விஷயம் தெரிவது மத்தியானம், அவர் வாங்கிவந்த பொட்டலத்தைப் பார்த்து. திட்டத்தின் கணக்குப்படி நீங்கள் அதிகாரம் பெற்ற பெண்மணி.

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். உங்களைப் போலவே நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள், மத்தியப் பிரதேசத்தின் வடக்கு மாவட்டங்களில். எரிக்கா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே குழுவினர், கிராமங்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் பெண்களுக்கு வங்கிக் கணக்கு மட்டும் திறந்து கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், கூலி நேராக அந்தக் கணக்கிலேயே விழுமாறு செய்து, பணம் எடுப்பது போடுவது எப்படி, இது எதற்கு என்று உட்கார்ந்து சொல்லியும் கொடுத்தார்கள். கணக்கு மட்டும் திறந்ததால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கூலியும் சேர்ந்து, சொல்லியும் கொடுத்த இடங்களில் பெண்கள் நூறுநாள் வேலைக்கும் கூடுதலாகப் போனார்கள், வெளி வேலைக்கும் போனார்கள். மனைவி வேலைக்குப் போவதைப் பிடிக்காத புருஷன்மார் வீடுகளில்தான் மாற்றம் அதிகம்.

ஆகவே செய்ய வேண்டியது: ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்ப் போன் நம்பரை மாற்றுங்கள், ரகசிய எண்ணையும் மாற்றுங்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நூறுநாள் வேலையில் நிற்காத வரிசையா?


கேள்வி: அப்படியானால் எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் அம்மாதான் சரி, அப்பா தப்பு. இதுதானே உங்கள் தீர்ப்பு?
— மனம் நொந்த அப்பா, நாகர்கோவில்

பதில்: இல்லை. அழாதீர்கள். மொராக்கோவில் பிள்ளைகள் படிப்புக்கு என்று சொல்லி ஒரு தொகை கொடுத்தார்கள். சில ஊர்களில் அப்பா கையில், சில ஊர்களில் அம்மா கையில். பிள்ளைகள் பள்ளிக்கு வருவது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கூடியது. கென்யாவில் ஒரு தொண்டு நிறுவனம் கணிசமான தொகை கொடுத்துப் பார்த்தபோதும் கணவன் வாங்கினாரா மனைவி வாங்கினாரா என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஏன் இப்படி? என் ஊகத்தைச் சொல்கிறேன். பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போகிற வீட்டில் பணம் எந்தக் கையில் வந்தாலும் ஒன்றுதான். கருத்து வேறுபாடு இருக்கிற விஷயத்தில்தான் கை முக்கியம். பேத்திக்குப் பால் வாங்குவதா வேண்டாமா என்பதில் தென் ஆப்பிரிக்கத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஒத்துப்போகவில்லை போலிருக்கிறது. இதை மறந்துவிட்டு “பெண்ணிடம் கொடு, எல்லாம் சரியாகிவிடும்” என்று மேடையில் பேசுகிறவர்கள், வீட்டுப் பொறுப்பு மொத்தத்தையும் ஆயிரம் ரூபாயோடு சேர்த்து அவள் தலையிலேயே கட்டுகிறார்கள்.


கேள்வி: ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டுப் பணமாகக் கொடுத்தால் கடத்தலும் போகும், கறுப்பு அரிசியும் போகும். நிபுணர்கள் சொல்கிறார்களே?
— ஆன்லைனில் அரிசி வாங்குபவர், ஓ.எம்.ஆர்.

பதில்: நிபுணர்கள் புதுச்சேரி வரை போய்ப் பார்க்கட்டும், உங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம். 2015-ல் புதுச்சேரியிலும் சண்டிகரிலும், அடுத்த வருடம் தாத்ரா நகர் ஹவேலியிலும் தானியத்துக்குப் பதில் வங்கியில் பணம் என்று ஆரம்பித்தார்கள். தொடக்க மாதங்களில் பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதே பலருக்குத் தெரியவில்லை. வந்தவர்களுக்கும் அதே அளவு அரிசியை வெளியில் வாங்கக் கைக்காசும் நேரமும் கூடுதலாகப் போனது. நாளாக ஆகப் பணமே தேவலை என்று சொன்னவர்களும் கூடினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் புதுச்சேரியில் ரேஷன் கடையைத் திற என்பது தேர்தல் பிரச்சினையாகவே ஆனது.

மெக்சிகோவிலிருந்து இன்னொரு செய்தி. சில கிராமங்களுக்கு உணவுப் பெட்டி, சில கிராமங்களுக்குப் பணம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி போன கிராமங்களில் கடை விலை இறங்கியது. பணம் போன கிராமங்களில் விலை ஏறுமுகம். பஸ் அதிகம் போகாத ஊர்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. உள்ளூரில் ஒரே மளிகைக் கடை இருக்கிறது, அண்ணாச்சிக்கும் தெரியும் இவர்களுக்குப் பணம் வந்திருக்கிறது என்று. ரேஷன் கடை என்பது வாங்காதவர்களுக்கும் சேர்த்து விலையைப் பிடித்துவைக்கும் இடம். ஓ.எம்.ஆரில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருப்பது நியாயம்தான்.


கேள்வி: காலைச் சாப்பாடும் பள்ளியில், மத்தியானச் சாப்பாடும் பள்ளியில். அப்புறம் வீட்டில் பிள்ளைக்கு எதற்கு என்று ராத்திரிச் சோற்றைக் குறைத்துவிட மாட்டார்களா?
— சத்துணவு அமைப்பாளர், மணப்பாறை

பதில்: அருமையான சந்தேகம். பிள்ளைக்கு என்று போடுவது குடும்பத்துக்குள் கரைந்துவிடுமோ என்ற பயம் பொருளாதார அறிஞர்களுக்கும் உண்டு. ஃபர்சானா அஃப்ரிதி மத்தியப் பிரதேசத்தில் இதைத்தான் பார்த்தார். பிள்ளைகள் முந்தின நாள் முழுக்க என்னென்ன சாப்பிட்டார்கள் என்று, பள்ளி நாளிலும் விடுமுறை நாளிலும் கேட்டு எழுதினார். பள்ளியில் போட்டதில் சத்துக்கேற்ப பாதியிலிருந்து முழுசு வரை அந்தப் பிள்ளையின் கூடுதல் வரவாகவே நின்றது. தட்டில் போட்டு அங்கேயே உட்கார்ந்து தின்னவைத்தால் யாரும் பங்குக்கு வர முடியாது. உங்களுக்குத் தெரியாததா, அமைப்பாளர் அம்மா? தம்பிக்குக் கொண்டுபோகிறேன் என்று முட்டையைப் பாவாடை மடிப்பில் ஒளித்த பிள்ளையைப் பிடித்து, இங்கேயே தின்னு என்று நீங்கள் அதட்டியிருப்பீர்கள். அந்த அதட்டல்தான் கொள்கை.

அதைவிடப் பெரிய செய்தி 2021-ல் வந்தது. மதிய உணவு சாப்பிட்டுப் படித்த சிறுமிகள் வளர்ந்து அம்மாவானபோது, அவர்கள் பெற்ற குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள். இந்தியா முழுவதற்குமான தரவுகளை வைத்து சுமன் சக்ரபர்த்தியும் மற்றவர்களும் செய்த ஆய்வு. 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் ஆரம்பித்ததும், 1982 ஜூலை 1-ல் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். பந்தியில் உட்கார்ந்து விரித்ததும், 2022-ல் மதுரையில் ஸ்டாலின் காலை உப்புமாவைச் சேர்த்ததும் ஒரே பந்திதான். எம்.ஜி.ஆர். காலத்தில் கஜானா காலியாகும் என்று கணக்குப் போட்டவர்கள் செலவை ஒரு வருடத்துக்குப் பார்த்தார்கள். வரவு பேரப்பிள்ளையின் உயரத்தில் வந்து நிற்கும் என்று எந்த பட்ஜெட்டில் எழுதுவது?


கேள்வி: தாலிக்குத் தங்கம் கொடுத்ததை நிறுத்திவிட்டுக் கல்லூரிக்குப் பணம் என்று மாற்றியது சரியா? என் பெண்ணுக்கு எட்டு கிராம் போச்சு!
— பெண்ணைப் பெற்றவர், கள்ளக்குறிச்சி

பதில்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தொடங்கிய திட்டம் அது. சாமர்த்தியம் என்னவென்றால், பெண் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருந்தால்தான் பணம். கல்யாணத்தைக் காட்டிப் பள்ளிக்கு அனுப்பிய தந்திரம். 2022-ல் அதைப் புதுமைப் பெண் என்று மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் ஆக்கினார்கள்.

ஹரியானாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உங்கள் எட்டு கிராமுக்கு அழலாம். 1994-ல் அங்கே பெண் குழந்தை பிறந்தால் அவள் பெயரில் முதலீடு, 18 வயது வரை கல்யாணம் ஆகாமலிருந்தால் 25,000 ரூபாய் என்றார்கள். அந்தப் பெண்களுக்கு 18 ஆனபோது ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தால், திட்டத்தில் சேர்ந்த பெண்களுக்கு 18 முடிந்த கையோடு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணச் செலவுக்கு அரசு போட்ட டெபாசிட் என்றே பெற்றவர்கள் நினைத்துவிட்டார்கள். பெரிய தொகை ஒரே நாளில் வந்தால் அது பந்தலுக்குப் போகும். மாதாமாதம் ஆயிரமாக, பெண்ணின் சொந்தக் கணக்கில் வந்தால் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போக வாய்ப்பு உண்டு. அதைக் கூட்டிவைத்து எட்டு கிராம் வாங்குவதும் உங்கள் சாமர்த்தியம்.


கேள்வி: பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு கொடுத்தாயிற்று. இன்னும் என்ன?
— அண்ணன், ராஜபாளையம்

பதில்: 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம், 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம், 2005-ல் நாடு முழுக்க. இப்படி முன்கூட்டியே சட்டம் கொண்டுவந்த மாநிலங்களை ஆராய்ந்தால் நல்ல சேதியும் இருக்கிறது, கெட்ட சேதியும் இருக்கிறது. பெண்கள் கூடுதலாகப் படித்தார்கள், நிலம் பெற்றவர்களும் அதிகரித்தார்கள். சம பங்கு வரவில்லை. கெட்டது இன்னும் கசப்பு. சொத்து மருமகன் வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்த குடும்பங்களில் பெண் குழந்தைகளின் சாவு கூடியது, ஆண் பிள்ளைக்கான ஆசையும் கூடியது. இதற்காகச் சட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். சட்டத்தை நிறைவேற்றிவிட்டு வீட்டு வாசலிலேயே திரும்பிவிட்டோம் என்பேன். ஆமாம், தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டீர்களா?


கேள்வி: என் மனைவி “சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்”. அவளுக்கு எதற்கு உரிமைத் தொகை?
— வங்கி அலுவலர், சேலம்

பதில்: 2019-ல் இந்தியப் புள்ளியியல் துறை எடுத்த நேரக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண் ஒருத்தி நாளைக்கு அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். வீட்டுவேலை செய்யும் ஆணுக்கு 97 நிமிடம். அந்த 97-ம் நான்கில் ஓர் ஆண்தான் செய்கிறார். இன்னொன்றையும் வங்கியில் சொல்லிவையுங்கள்: கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதோடு பார்த்தால் மாதம் ஆயிரம் ரொம்பச் சல்லிசு.


கேள்வி: இதையெல்லாம் எழுதுகிற பொருளாதார அறிஞர்கள் வீட்டில் பணம் யார் கையில்?
— வம்பு, மயிலாப்பூர்

பதில்: பானர்ஜியும் டஃப்லோவும் கணவன் மனைவி. 2019-ல் அவர்களுக்கும் மைக்கேல் கிரீமருக்கும் சேர்த்து நோபல் வந்தபோது, தம்பதிக்கு ஒரே பங்கு என்று கமிட்டி முடிச்சுப் போடவில்லை. மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கமிட்டிக்காரர்கள் அவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் பரிசு கொடுத்திருக்கிறார்கள்.


கேள்வி: என் மனைவி உரிமைத் தொகையை எங்கே ஒளித்துவைக்கிறாள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. இதற்கு ஆராய்ச்சி ஏதும் உண்டா?
— அரிசி டப்பா வரை பார்த்தாயிற்று, தேனி

பதில்: உண்டு. நவா அஷ்ரஃப், பிலிப்பைன்ஸில். வீட்டுச் சேமிப்பை மனைவிமார் பார்த்துக்கொள்ளும் ஊர். கணவர்களிடம் கொஞ்சம் பணம் கொடுத்து, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். மனைவிக்குத் தெரியாது என்றால் தங்கள் சொந்தக் கணக்கில் போட்டுக்கொண்டார்கள். தெரிந்துவிடும் என்றால் சட்டென்று செலவழித்துத் தீர்த்தார்கள். இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள் என்றபோது மட்டும் சமர்த்தாக மனைவியின் கணக்கில் போட்டார்கள். உங்கள் கேள்விக்கு நேரான ஆய்வு இல்லை, பதுக்கியவர்கள் கணவர்கள் என்பதால். அரிசி டப்பாவை மூடிவையுங்கள், வண்டு விழும்.